திகதி போடாத கடிதம்

தேர்தலில் நிற்காமலே கட்சிப் பட்டியலில் வரும் மெம்பர் பதவியைக் கொடுத்த அன்றைக்கே ஞானேஸ்வரியிடம் ராஜினாமாக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். திகதி மட்டும் போடவில்லை. பிரதேச சபைக்கு நாலு வருஷம். ரெண்டு அவளுக்கு, ரெண்டு நிரஞ்சனி என்கிற இன்னொருத்திக்கு. கட்சிக்குள் பங்கு அப்படி. கொழுந்து பறிக்கிறவளுக்கு அதுவே பெரிது என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் ஆகவேண்டியிருந்தது. பன்விலத் தோட்டத்தில் அவள் குடியிருந்த லய வரிசைக்கு ஏறும் சரிவுக்குக் கொங்கிரீட் படி. போன மழையில் பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரையை நெஞ்சுவலியோடு கம்பளியில் கட்டித் தூக்கி இறங்கியவர்கள் வழுக்கி விழுந்தார்கள். ரோட்டுக்கு வந்தபோது ஆளுக்கு உயிர் இல்லை. இப்போது மருமகள் நிரோஷினிக்கு எட்டு மாதம். நடையாய் நடந்து, சரிவை அளந்து முளைக்குச்சி அடிக்க வைத்துவிட்டாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து பிரேரணையைச் சொன்னால் போதும்.

வியாழக்கிழமை சபை வாசலிலேயே கிளார்க் நிறுத்தினார்.

"நீங்க ரிசைன் பண்ணிட்டீங்களே அக்கா. திங்கக்கிழமையே கடிதம் வந்திருச்சி."

பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கேயே நின்று அமைப்பாளர் வீரசிங்கத்துக்குப் போன் எடுத்தாள்.

"ரெண்டு வருஷம்னுதானே சொன்னீங்கண்ணே?"

"சொன்னோம். கடிதத்துல இருக்கா? நிரஞ்சனிக்குக் குடுக்கச் சொல்லி கண்டியிலருந்து ஒரே நெருக்கு."

"இன்னைக்கு மட்டும் விடுங்கண்ணே. நாளைக்கு எத்தன கடிதம் வேணும்னாலும் எழுதித் தாரேன்."

"படிய நிரஞ்சனி பாத்துக்குவா."

"பஜார்லயே கார்ல போறவ. எங்க லயம் எந்தப் பக்கம்னாச்சும் தெரியுமா?"

"நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டேன்" என்று சிரித்துப் போனை வைத்துவிட்டார்.

உள்ளே அவள் பிரேரணையை வாசித்தார்கள். கொண்டுவந்த உறுப்பினர் இல்லை என்றார்கள். அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி சும்மா விடவில்லை. "என்னா மெம்பரம்மா, கூட்டத்த மலைக்கே மாத்திட்டீங்களா?" பெண்கள் சிரித்தார்கள். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள்.

சாயங்காலம் திரும்பும்போது தூறல். நிரோஷினி முளைக்குச்சிகளைப் பிடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள்.

"படி எப்ப கட்டுவாங்க அத்தே?"

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். அங்கேயே படுத்துக்க."

"இப்பவேவா? இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு கிளினிக்ல மிஸ்ஸி சொன்னாங்களே. சேத்துக்க மாட்டாங்க, அத்தே."

ஞானேஸ்வரி கூடையை இறக்கினாள். வீட்டுக்குள் போய்க் கம்பளியை எடுத்து விரித்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தாள்.