துத்தத் தண்ணீர்

தேனி பெரியகுளம் ரோட்டில் உரக்கடை வைத்திருந்த குடும்பத்துக்கு மூத்த மருமகளாக ஜெபராணி வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. கம்பம், சின்னமனூர்ப் பக்கமிருந்து பூச்சிமருந்து வாங்க வருகிற திராட்சைக்காரர்கள், மூட்டை வண்டியில் ஏறுகிற வரைக்கும் உள்ளே வந்து உட்காருவார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதும், கொடி எப்படி இருக்கிறது, பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்று விசாரிப்பதும் ஜெபராணிதான். அவள் புருஷன் ஜேசுராஜின் வீட்டுக் காப்பிக்காகவே தேனிக்கு வரலாம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். பெரிய பேர் ஒன்றும் இல்லை. ஆனாலும் அது அவள் சம்பாதித்த பேர்.

எண்பத்தொன்றாம் வருஷம் கொழுந்தன் ராஜமணிக்குக் கல்யாணமாகி, தூத்துக்குடியிலிருந்து பியூலா வந்தாள். பீரோ, கட்டில், தையல் மெஷினோடு நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றும் லாரியில் வந்து இறங்கியது. கூடவே கேன் கேனாகக் கடல் தண்ணீர். பியூலாவின் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் இரண்டு படகுகள். கடல் மீன் வளர்ப்பது அவருக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் பாதியை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டார்.

தொட்டிக்குள் மஞ்சள் வால் வைத்த இரண்டு கறுப்பு மீன்கள், உடம்பில் வெள்ளைப் பட்டை. கூட மூன்று பொடி மீன்கள், நீலமென்றால் அப்படி ஒரு நீலம். நடுவில் கல்லின் மேல் கடல்சாமந்தி. பார்க்கப் பூ மாதிரி விரிந்து ஆடும், ஆனால் அதுவும் ஓர் உயிர்தான். பட்டை மீன் இரண்டும் அதற்குள் புகுந்து புரண்டு வெளியே வரும். வைகை அணைக் கெண்டையையும் கெளுத்தியையும் தவிர வேறு மீனை உயிரோடு பார்த்திராத மனிதர்கள் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு தொட்டி முன்னால் போய் நின்றார்கள். காப்பி ஆடை படர்ந்து ஆறியது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சின்ன மருமக கொண்டாந்ததாக்கும்?” என்று மட்டும் கேட்டார்கள். மாமனார், ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

பியூலா கெட்டவள் இல்லை. அதுதான் ஜெபராணிக்குத் தாங்கவில்லை. அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். பாத்திரம் கழுவ முந்துவாள். குறை சொல்ல ஒரு நுனி கிடைக்காமல் ஜெபராணி தவித்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பியூலா பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பினாள். கிளம்புகிற அன்று எல்லாரும் கூடத்தில் இருக்கும்போதே தொட்டி சமாச்சாரத்தை ஆரம்பித்தாள்.

“தண்ணி வத்துனா கெணத்துத் தண்ணி ஊத்துங்கக்கா. கடல் தண்ணி ஊத்தீராதீங்க, உப்பு கூடிரும். புதுசா மீன் எது வந்தாலும் ஒரு மாசம் தனி டப்புல வச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடணும். பாக்க நல்லாத்தான் இருக்கும், சீக்க உள்ள வச்சிருக்கும். எங்கப்பா மொத தடவ தெரியாம அப்படியே விட்டு, தொட்டியே காலியாயிட்டு.”

“சரி, சரி. வண்டிக்கு நேரமாச்சு பாரு” என்றாள் ஜெபராணி. நேற்று வந்தவள் தனக்குப் பாடம் எடுக்கிறாள், அதை மாமனாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு நாள் முழுக்க உறுத்தியது.

ஜெபராணியின் தம்பி செல்லத்துரை ஆண்டிபட்டியில் மிளகாய் வியாபாரம் பார்த்தான். இரண்டு மாசம் கழித்து இராமநாதபுரம் பக்கம் மிளகாய் பிடிக்கப் போனவன், திரும்பும்போது கரையோரத்தில் ஒரு மீன்காரரிடம் சொல்லி இரண்டு மீன்களை உயிரோடு வாங்கி, பிளாஸ்டிக் கேனில் போட்டு லாரியிலேயே கொண்டுவந்துவிட்டான். ஒன்று உள்ளங்கை அகலம், எலுமிச்சை மஞ்சள், கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் ஒரு கோடு. இன்னொன்று பச்சையும் நீலமும் கலந்து நீளமாக இருந்தது.

“ஒனக்குன்னுதாங்க்கா கொண்டாந்தேன். அந்தத் தொட்டியில நம்ம மீனும் கெடக்கட்டுமே” என்றான். அக்காவின் மனசு அவனுக்குத் தெரியும்.

ராஜமணி கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். “மதினி, புதுசு வந்தா தனியா வைக்கணும்னு பியூலா சொல்லிட்டுப் போயிருக்கால்ல...”

“ஏன் தம்பி? அவுக அப்பா புடிச்சா சுத்தம், எந்தம்பி கொண்டாந்தா சீக்குப் புடிச்சதாக்கும்?”

“அப்படிச் சொல்லல மதினி...”

“வேற எப்படிச் சொல்றீக? நாங்க ஆண்டிபட்டிக்காரக. எங்க மீனு ஒரு மாசம் வாசல்ல நிக்கணும். அம்புட்டுத்தான?”

ராஜமணி கடைக்குள் போய்விட்டான். ஜெபராணி கேனைத் தூக்கி, அவன் காதில் விழட்டும் என்று சத்தமாகவே, மொத்தத்தையும் தொட்டியில் கவிழ்த்தாள்.

மூன்று நாலு நாள் அவள் ராஜ்யம்தான். மஞ்சள் மீனின் முன்னால் பட்டை மீன் மங்கிப்போனது. வந்தவர்கள், “இது புதுசா இருக்கே, எங்கிட்டு வந்தது?” என்று கேட்டார்கள். “எந்தம்பி கொண்டாந்தது” என்று கேட்காத ஆட்களுக்கும் சொன்னாள். காப்பிக்கு இன்னும் ஒரு கரண்டி டிக்காஷன் கூடவே விழுந்தது.

அந்த வாரத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து தகவல் வந்தது. ஆண் குழந்தை. ஜெபராணிக்கு இரண்டும் பெண்கள். மாமனார் கடையில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். “வீட்டுக்கு முதப் பேரன்” என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொன்னார். லட்டுத் தட்டை நிரப்பி நிரப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று ஜெபராணி கூடத்துக்கு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

மஞ்சள் மீன் கல்லில் உடம்பை உரசிக்கொண்டிருந்தது. செதிலின் மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். பட்டை மீன்களின் துடுப்பிலும் அதே புள்ளி. பொடி மீன் ஒன்று மேல்தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மஞ்சள் மீன்தான் முதலில் செத்தது. யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். பிறகு பொடி மீன் மூன்றும் அடுத்தடுத்துப் போயின. மூன்றாவது மிதந்தபோது ராஜமணி பார்த்துவிட்டான். அவன் திட்டவில்லை. “பியூலாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லட்டுமா?” என்றான்.

“வேண்டாம். நானே பேசுறேன்.”

கடை போனில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் பியூலாவின் குரல் வந்ததும், பின்னால் குழந்தை அழுவதும் கேட்டது. ஜெபராணி மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள். தம்பி கொண்டு வந்ததையும் சொன்னாள், அப்படியே விட்டதையும் சொன்னாள். திட்டினால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தயாராகத்தான் நின்றாள்.

“ஐயோ, பாவம் நீங்க. பயந்துட்டீங்களா?” என்றாள் பியூலா. “அழாதீங்கக்கா. நான் சொல்லுதபடி செய்யுங்க. நம்ம கடையில மயில்துத்தம் கெடக்குல்லா? அதான் மருந்து.”

“திராட்சைக்குச் சுண்ணாம்போட கலந்து அடிக்கிறதா?”

“அதேதான், ஆனா சுண்ணாம்பு சேக்கக் கூடாது. நகைக்கடைத் தராசுல ஒரு கிராம் நிறுத்து ஒரு லிட்டர் நல்ல தண்ணியில கரைச்சு வச்சுக்கிடுங்க. டப்புல பத்து லிட்டர் தண்ணிக்கு, கரைச்சதுல ரெண்டு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. மொத நாள் பாதி, மறுநா பாதி. கூடுனா மீன் செத்துரும். தெனம் கொஞ்சம் தண்ணி மாத்தி, மாத்துன தண்ணிக்கு மட்டும் மருந்து ஊத்தணும். பித்தளை, இரும்பு ஒண்ணும் படக் கூடாது.”

“அப்ப தொட்டிக்கு?”

“தொட்டியில ஒரு சொட்டுகூட விழக் கூடாதுக்கா! துத்தம் பட்டா என் சாமந்தி கரைஞ்சு போயிரும். மீன் மட்டும் டப்புக்கு வரட்டும். தொட்டி மீனில்லாம ஒன்றரை மாசம் கெடந்தா, ஒட்டிக்கிட எடமில்லாம சீக்கு தானா செத்துரும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா வந்தேன்” என்றாள்.

இந்தக் கடைசி வார்த்தைக்குப் பதில் அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

துத்தக் கரைசல் வானத்தின் நிறத்தில் பாட்டிலில் நின்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெபராணி தொட்டியருகே வந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. சாமந்தி விரிந்து, ஆள் கூப்பிடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து கொஞ்சம் சாய்த்தால் போதும். போனில் சரியாகக் காதில் விழவில்லை, தொட்டியில்தான் ஊற்றச் சொன்னாய் என்று நினைத்தேன் என்றால் முடிந்தது. கை மேலே போய்க்கூட விட்டது.

அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குப் படம் போல் தெரிந்தது. பிள்ளை பெற்ற உடம்போடு பியூலா அழுவாள். பாவம் என்று வீடே அவளைச் சுற்றி நிற்கும். மாமனார் சாப்பிடமாட்டார். பதினைந்து நாளில் தூத்துக்குடியிலிருந்து ஆறடித் தொட்டி வந்து இறங்கும். அவளுக்கு அழக்கூட ஒரு காரணம் நான் எடுத்துக் கொடுக்கவேண்டுமா என்று நினைத்தபோது கை கீழே வந்தது. நல்லெண்ணம் ஒன்றும் அவளைத் தடுக்கவில்லை. இதுவும் பொறாமைதான்.

கொல்லையில் துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் டப்பைக் கழுவி, பியூலா டிரம்மில் சேர்த்துவைத்திருந்த கடல் தண்ணீரை நிரப்பினாள். ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி ஒன்று. தொட்டிக்குக் காற்றடிக்கிற மோட்டாரிலிருந்து நீளமாக இன்னொரு குழாய் இழுத்து டப்பிலும் விட்டாள். பட்டை மீன் இரண்டையும் தம்பியின் பச்சை மீனையும் பிடித்து அதில் விட்டாள். சீக்கிரம் குணமாகட்டும் என்ற பதற்றத்தில், பாதி பாதியாக ஊற்றவேண்டியதை ஒரே தடவையில் ஊற்றிவிட்டாள். மறுநாள் காலையில் பச்சை மீன் பக்கவாட்டில் கிடந்தது.

தம்பி கொண்டுவந்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சிய இரண்டும் பியூலாவின் மீன். அவையும் செத்தால் தம்பி கொண்டுவந்த சீக்கு என்றுதான் பேர் நிற்கும். அதற்காகத்தான் ஜெபராணி தினமும் தண்ணீர் மாற்றினாள். கரண்ட் போன நேரமெல்லாம் பிளாஸ்டிக் மக்கால் மோந்து உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றேற்றினாள். மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் வருகிற இறாலை வாங்கி, மிளகளவுக்கு நறுக்கி விரல்நுனியில் வைத்து நீட்டினாள். முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புள்ளிகள் உதிர்ந்தன, சரியாயிற்று என்று நினைத்தாள். மறுபடி முளைத்தன. பிறகு மெல்ல மெல்ல ஒன்றுகூட இல்லாமல் போயின. பெரியது ஒருநாள் விரலில் கொத்தியது. வலிக்கவில்லை. அந்த நினைப்பில் அன்று சோற்றுக்கு உப்புப் போட மறந்தாள்.

தொட்டியைக் காண வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தார்கள். கூடலூர்த் திராட்சைக்காரர் சுருளியாண்டி குனிந்து பார்த்து ஆச்சரியப்பட்டார். “துத்தமா? இது கொடிக்கு அடிக்கிறதுல்ல தாயி!”

“கொடிக்கு அடிச்சா வெள்ளப் பூஞ்சாணம் போகுதுல்லண்ணே? அது மாதிரித்தான். அளவு தப்புனா போச்சு” என்று ஜெபராணி விவரம் சொன்னாள். அவர் டம்ளரோடு நின்று முழுக்கக் கேட்டார். காப்பியையும் சூடாகவே குடித்தார்.

கெடு முடிந்து மீன்கள் தொட்டிக்குத் திரும்பின. சாமந்தியைச் சுற்றி முதலில் தயங்கித் தயங்கி வந்து, பொழுது சாய்வதற்குள் உள்ளே புகுந்துகொண்டன. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வந்தவர்களிடம் மாமனார் சொன்னார்: “எல்லாம் செத்துச்சு, இது ரெண்டும் நிக்கிது பாத்தீகளா? தூத்துக்குடி மீனு. நம்ம சின்ன மருமக கைராசி.”

சமையற்கட்டில் இருந்த ஜெபராணிக்கு அது கேட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

பிரசவமாகி ஐந்தாம் மாதம் பியூலா குழந்தையோடு வந்தாள். ஆரத்தி எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை, ஜெபம் பண்ணி உள்ளே அழைத்தார்கள். குழந்தையை மாமனார் மடியில் விட்டுவிட்டு நேரே தொட்டிக்குத்தான் போனாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, பழைய வழக்கப்படி நாக்கால் சொடுக்குப் போட்டு, விரலைத் தண்ணீரில் விட்டாள். பட்டை மீன்கள் சாமந்திக்குள் பதுங்கின. மறுபடி கூப்பிட்டாள். வரவில்லை.

அவை வேளைக்குத் தின்கிற நேரம் அது. ஜெபராணி இறால் கிண்ணத்தோடு வந்து, “தள்ளு பியூலா, பசியில இருக்குக” என்று சொல்லி மணிக்கட்டு வரை கையை இறக்கினாள். இரண்டும் பாய்ந்து வந்தன. விரல் இடுக்கில் நுழைந்து, உள்ளங்கையில் புரண்டு, வளையலைக் கொத்தின.

“உங்கள நல்லாப் பழகிருச்சேக்கா” என்றாள் பியூலா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கண் மட்டும் மீனையும் கையையும் மாறி மாறிப் பார்த்தது.

அந்தப் பார்வையை ஜெபராணி அடையாளம் கண்டுகொண்டாள். வெளியிலிருந்து பார்க்க அது இப்படித்தான் இருக்குமா என்று ஒரு கணம் திகைத்தாள். கிண்ணத்தை அவளிடம் நீட்டியிருக்கலாம். கொஞ்ச நாளில் உன்னையும் பழகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

கூடத்தில் குழந்தை அழுதது. பியூலா எழுந்து போனாள். இறால் எப்போதோ தீர்ந்திருந்தது. ஜெபராணி கையை எடுக்கவில்லை.