பெயர் மாறிய பாலம்

பிணத்தின் கழுத்தில் டையை இறுக்கிக்கொண்டிருந்த லியோனில்டெயிடம், அப்பாவைப் படகில் கொண்டுபோகலாமா என்று கேட்டான் தம்பி பல்தசார். பெலேம் துறையில் கார் ஏற்றும் படகு உண்டு. அப்பா மனசு நோகாது என்றான்.

"அப்படி ஒண்ணு அவருக்கு இருந்துச்சா?" என்றாள்.

அப்பா அன்செல்மோ பொதுப்பணி அமைச்சகத்தில் கோப்பு சுமந்தவர். லிஸ்பனின் தொங்குபாலத்தைத் திறந்த அன்று மூன்றாவது வரிசையில் நிற்க இடம் கிடைத்தது. அன்றிலிருந்து அந்த வடங்களைத் தானே முறுக்கிக் கட்டியதுபோல ஒரு மிதப்பு. ஆற்றுக்கு அடியில் தூண் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சூப் ஆறும்வரை சொல்வார். எழுபத்து நாலில் புரட்சி வந்தது. பாலத்திலிருந்த சர்வாதிகாரி சலாசாரின் பெயரைப் பெயர்த்தெறிந்து, புரட்சி நடந்த தேதியையே பெயராக வைத்தார்கள். பழைய பெயர் திரும்பும்வரை அதில் கால்வைக்க மாட்டேன் என்றார் அன்செல்மோ. அதன்பிறகு ஆயுசு முழுக்கப் படகுதான். பின்னாளில் அடித்தட்டில் ரயில் விட்டபோது, பாலத்தின் அழகையே கெடுத்துவிட்டான்கள் என்று கத்தினார். ரயிலுக்கான இடம் ஆரம்பத் திட்டத்திலேயே இருந்ததுதானே என்றாள் லியோனில்டெ. அவர் சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதியது.

கிறுக்கு என்று விட்டிருப்பாள். ஆனால் அக்கரையில் சித்தி வீட்டில் வைத்து அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. லிஸ்பன் ஆஸ்பத்திரிக்குப் பாலம் வழியாகப் பறந்துவிடலாம் என்றார் டாக்ஸிக்காரர். அன்செல்மோ படகுத்துறைக்கு விடச்சொன்னார். மூடுபனியால் படகுகள் நின்றிருந்தன. அம்மா துறை பெஞ்சிலேயே போய்ச் சேர்ந்தாள். அக்கரையிலேயே, அல்மாடாவில் அவளைப் புதைத்தார்கள். இன்று பக்கத்துக் குழி இவருக்கு.

"அவரோட கொள்கை, அக்கா..." என்று பல்தசார் இழுத்தான்.

"அன்னைக்கு டாக்ஸில நீயும்தானடா இருந்தே. வாயத் திறந்தியா?"

அவன் அப்பாவின் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தான்.

வாசலில் சவ ஊர்திக்காரர் எந்த வழி என்று கேட்டார். "பாலம்," என்றாள் லியோனில்டெ. முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பாலத்தின் நட்டநடுவில் நெரிசல். வண்டி நின்றது. பின்னால் பல்தசார் பெட்டியின் பக்கம் குனிந்து ஏதோ மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தான். ஓட்டுநர் கூச்சத்தோடு, கொஞ்ச நேரமாகும் போலிருக்கிறது என்றார்.

"ஆகட்டும். ஒண்ணும் அவசரமில்ல."

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். விறைத்த புதுக் கறுப்புச் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள்.