கல்யாண ஜாக்கெட்டை விட்டுப் போன மயில்

எங்கள் ஊரில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவர்கள் பறவைக்குக் கண்ணைக் கடைசியில்தான் தைப்பார்கள். அதுவும் துணிக்குச் சொந்தக்காரி எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண் வந்ததும் பறவை முதலில் யாரைப் பார்க்கிறதோ அவளோடு ஒட்டிக்கொள்ளும். எதிரில் யாரும் இல்லையென்றால் தனக்குப் பிடித்த இடத்துக்குக் கிளம்பிவிடும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

அமுதவேணிக்கு இதெல்லாம் தெரியாததா? பதினோரு வருடம் அடுத்தவர் கடையில் துணி கட்டிய மரச்சட்டத்தின் முன் குனிந்து உட்கார்ந்தவள். சொந்தக் கடை போட்டு அவளுக்கு வந்த முதல் கல்யாண ஜாக்கெட் இது. இது சொதப்பினால் மறுபடி பழைய முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த ஆள் சிரிக்கிற சிரிப்பை அவளால் தாங்க முடியாது. அந்தப் பதற்றத்தில்தான், ஊசிமுனையில் கறுப்பு மணி தயாராக இருக்கிறதே என்று, கையோடு கையாக ஜாக்கெட்டில் தைத்த மயிலுக்குக் கண்ணை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். திரும்பி வந்தால் ஜாக்கெட்டின் முதுகில் வெறும் ரோஸ் துணி. ஊசி ஓட்டைகூட இல்லை. அவ்வளவு நாகரிகமாகப் போயிருந்தது.

"அட என் புத்தியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மத்தியானம் கல்யாணப் பெண் நிவேதிகா வாங்க வருகிறாள். விடிந்தால் முகூர்த்தம்.

தேடி அலையும் சிரமத்தை மயில் வைக்கவில்லை. எதிர் டீக்கடைக்காரர் சென்னிமலையின் தோள் துண்டில், பச்சைக் கட்டத்துக்கு நடுவே, தோகையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, அது நான் தெச்ச மயிலுங்க."

"தெரியுதுங்க அம்மிணி." அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "நானும் போகச் சொல்லிப் பாத்துட்டேன். வானத்தையே பாத்துட்டு உக்காந்திருக்குது. மேகம் வேணுமாட்ட இருக்குது."

மயிலையே கேட்கலாமென்றால், அதன் அலகைச் சங்கிலித் தையலில் இறுக்கி மூடியிருந்தாள். அதுவும் அவள் கைவேலைதான். யாரை நோவது?

கடைக்கு ஓடிவந்து சாம்பல் நிறக் கம்பளி ரோமத்தை அள்ளினாள். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, உருட்டி, அழுத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஃபெல்ட் என்கிற கெட்டிக் கம்பளியில் ஒரு மேகம் செய்தாள். பிழிந்து காயவைக்க எங்கே நேரம்? ஈரத்தோடேயே ஜாக்கெட்டின் கழுத்துக்குக் கீழே நாலு தையல் போட்டு நிறுத்தினாள்.

நிவேதிகா உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தபோது மயிலும் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தது. சைக்கிள்காரர் ஒருவர் பெல் அடித்து வழிவிட்டார். மயில் மேகத்தை ஒரு பார்வை பார்த்தது, பெண்ணை ஒரு பார்வை பார்த்தது, பிறகு துணியில் ஏறித் தோகையை முழுக்க விரித்துப் படிந்துகொண்டது.

"நீங்க அனுப்புன டிசைன் போட்டோல தோகை மடக்கித்தானே இருந்துச்சுங்க்கா?" என்றாள் நிவேதிகா.

"உங்களப் பாத்த சந்தோசத்துல விரிச்சுட்டுதுங்க."

பெண்ணுக்கு முகமெல்லாம் பல். அமுதவேணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, தாலி கட்டுற நேரத்துல மேகம் பேஞ்சிருச்சுங்க."

அமுதவேணி ஊசியைக் கீழே வைத்தாள். "பட்டுச் சேலைல பட்டுதா கண்ணு?"

"இல்லீங்க்கா. முடிச்சுப் போடக் குனிஞ்ச மாப்பிள்ளை மேலதான் அத்தனையும் கொட்டுச்சு. உசரத்துல ரெண்டு இஞ்ச் சுருங்கிட்டாரு."

பழைய முதலாளி சிரிக்கிற பல்வரிசை அமுதவேணியின் கண்ணுக்குள் வந்து போனது.

"முன்னால ரொம்ப நெட்டையா இருந்தாருல்ல, இப்பத்தான் ஜோடி அம்சமா இருக்குதுன்னு சனமெல்லாம் சொல்லுதுங்க. தை மாசம் நாத்தனாருக்குக் கல்யாணம். அவளுக்கும் நீங்கதான் தைக்கோணும். மேகம் வெச்சேதான் வேணுமாம்."

அமுதவேணி ஆர்டர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். ஆனாலும் தொழில்காரி சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"புதுசு கண்ணு, முதல் நனைப்புல அப்படித்தான் சுருங்கும். இனிச் சுருங்க மாட்டாரு. நிழல்லயே காயப் போடுங்க, வெயில்ல போட்டா சாயம் போயிருவாரு."