செல்லாத மொட்டை

எழிலன் ஏற்கெனவே ஒருமுறை மொட்டையாகியிருந்தான். ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் முடியெல்லாம் தலையணையோடு போய்விட்டது. அம்மா தமயந்தி திருத்தணி மலைக்கு வேண்டிக்கொண்டதும் மொட்டைதான். ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தான்.

"அது செல்லாதுடா," என்றாள் தமயந்தி. "மருந்து எடுத்துக்கின முடி அது. சாமிக்கு நாமளா குடுக்கணும்."

நோய் அடங்கிய பின் முடி சுருள்சுருளாக முளைத்துக் காதை மூடியது. ஆனாலும் டாக்டரம்மா விடவில்லை. கூட்டம் கூடாது, கத்தி கூடாது, கல்லூரி கூடாது.

"வெள்ளை அணு எண்ணிக்கை சரியா இருக்கு. வேலை செய்யுதான்னுதான் தெரியல."

எழிலனுக்கு உடனே புரிந்தது. அவன் வகுப்பிலும் வருகைப் பதிவேட்டில் அறுபது பேர் இருந்தார்கள்.

அணுக்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். ஒரு தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் கழித்து, ரத்தத்தில் எதிர்ப்பு உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் வீடு, முகக்கவசம், மிளகு ரசம்.

நண்பன் ஜாஹித் தினமும் போனில் விசாரித்தான். "உள்ள ஆளுங்க படிச்சிகினு இருக்காங்களா?"

"ஆங். என்னை மாதிரியே படிக்கிறாங்க. அதான் பயமா இருக்கு."

ரிசல்ட் வந்தது. "பாஸ்," என்றார் டாக்டரம்மா.

"அரியர் இல்லீங்களா மேடம்?"

"இல்ல. கூட்டமில்லாத நாள், புது பிளேடு. போய்ட்டு வாங்க. காய்ச்சல் வந்தா மட்டும் உடனே கூப்பிடணும்."

புதன்கிழமை மலைமேல் மொட்டை அடிக்கும் பச்சையப்பன் புது பிளேடைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "மொத மொட்டையா தம்பி?"

"ரெண்டாவதுங்க," என்றாள் தமயந்தி. "மொதலு செல்லல."

பச்சையப்பன் மழித்துக்கொண்டே சிரித்தார். கை ஆடியது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு ரத்தம்.

தமயந்தி காயத்தைக் கழுவி மருந்து வைத்தாள். அந்த இடத்தை விட்டுவிட்டுச் சந்தனம் பூசினாள். வீட்டில் காலையும் மாலையும் செல்போன் வெளிச்சத்தில் காயத்தைப் பார்த்தாள். மணிக்கொருதரம் நெற்றியைத் தொட்டாள்.

மறுநாள், "சுத்தி செவந்துகினு இருக்குதுடா," என்றாள்.

"டூட்டிக்கு வந்துட்டாங்கம்மா."

மூன்றாம் நாள் சிவப்பு வடிந்தது. ஆறாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. காய்ச்சல் கடைசிவரை வரவில்லை. தமயந்தி அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே கேசரி கிளறினாள்.

அடுத்த திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகும்போது அரக்கோணம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பக்கத்திலிருந்தவர் அவன் மொட்டைத் தலைமேல் பலமாகத் தும்மிவிட்டு, "சாரி தம்பி," என்றார்.

"பரவால்லீங்க," என்றான் எழிலன். "உள்ள ஆள் இருக்குது."