மூன்றாவது சைலன்சர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: திருட்டிலிருந்து. முன்பு ஒரு கதையில் என் அக்காவைத் திருடிப் போட்டேன். மாட்டிக்கொண்டேன். இது அதற்கான தண்டனை.

அந்தக் கதையில் அக்கா ஓசைப்படாமல் கதவைச் சாத்துகிற பெண். ‘கதவைச் சாத்தும்போதெல்லாம் அவள் தன்னையும் கொஞ்சம் சாத்திக்கொண்டாள்’ என்று ஒரு வரி. அந்த வரிக்காக மூன்று நாள் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். கதை வெளியானதும் சொந்தபந்தம் மொத்தமும் படித்துவிட்டது. (என் மற்ற கதைகளைச் சீந்துவாரில்லை. இதற்கு மட்டும் எங்கிருந்துதான் வந்தார்களோ!) சித்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தானிடம் யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. அத்தானோ, நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம்.

அக்கா இரண்டு வருஷம் என்னுடன் பேசவில்லை. நான் உள்ளுக்குள் உடைந்துதான் போனேன். பிறகு ஒரு நாள் அவளே போன் செய்தாள்.

“கார் வாங்கியிருக்கேன். சைலன்சர் பாக்கப் போகணும். நீயும் வா.”

“நான் எதுக்குக்கா?”

“ஊரறிய என்னை ஊமையாக்கினவன் நீதானே? வந்து சத்தம் பொறுக்கிக் குடு.”

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘அந்தச் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார், அடிபட்ட சிறுத்தையைப் போல’

(கார் வெள்ளை. ஓரத்தில் அக்காவின் பென்சில் கேட்கிறது: “சிறுத்தையை நீ எப்போ பாத்தே?” ஆம், பென்சில். மறுபடி பேச ஆரம்பித்தபோது அவள் போட்ட நிபந்தனை அது. அவளைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அவள் படிப்பாள், பிடிக்காததை அடிப்பாள். முடிவும் பிடிக்கவில்லை என்றால் கதையும் கிடையாது, அக்காவும் கிடையாது.)

இரண்டாம் முயற்சி:

‘ஐம்பது வயதில் ஒரு பெண் எதற்காக ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறாள்? வாழ்நாளெல்லாம் அடக்கி வைத்த’

(“நாப்பத்தெட்டு. எதையும் அடக்கி வைக்கலை.”)

சரி, அலங்காரமில்லாமல் சொல்கிறேன். அக்கா பல் டாக்டர். வெளிநாட்டுக்குக் குடிபோகும் ஒரு நோயாளி தன் காரை விற்றார், அவள் வாங்கினாள். ரோட்டரி எஞ்சின் வண்டி. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“மத்த எஞ்சின்ல பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதுல குதிக்கற வேலையே இல்லை. முக்கோணமா ஒண்ணு உள்ள சுத்திக்கிட்டே இருக்கும். என் டிரில் மாதிரி.”

வாங்கிய காரணம் அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் என்ன செய்வான், சொல்லுங்கள். பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.

3

சைலன்சர்காரரின் பட்டறையில் குழாய்கள் நீள வாரியாகச் சுவரில் தொங்கின. சுட்ட இரும்பு வாடை. அவர் காதடைப்பான்களை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். மேசைமேல் மூன்று சைலன்சர்களை எடுத்து வைத்தார்.

முதலாவது, வாய் அகன்று பளபளவென்று இருந்தது. உள்ளே நேர்க்குழாய், தடுப்பு எதுவும் இல்லை. இரண்டாவது, குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்தது.* மூன்றாவது பெட்டி மாதிரி ஒன்று. பார்த்ததும் மறந்துவிட்டேன்.

(* தலையணைப் பஞ்சு இல்லை. கண்ணாடி இழைப் பஞ்சு. சத்தத்தை அதுதான் உறிஞ்சுகிறது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.)

“முதலாவதுதான்க்கா!” என்றேன். “தெருவே திரும்பிப் பாக்கணும்.”

அக்கா சைலன்சர்காரரிடம், “மூணையும் ஒவ்வொண்ணா மாட்டுங்க, ஓட்டிப் பாத்துச் சொல்றேன்” என்றாள். கூடவே வந்திருந்த அத்தானைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, வண்டியின் கையேட்டில் டயர் காற்று பற்றிய பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். “ஒரே வேகத்துல போவேன். நீங்க இதை வாசிக்கணும். எப்பவும் பேசற மாதிரியே. கத்தக் கூடாது.” பின்சீட் என்ற பெயரில் ஒரு பலகை இருந்தது. அதில் என் கால் நுழையவில்லை. நான் பட்டறையிலேயே நின்றுகொண்டேன்.

முதலாவதை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மூன்று தெரு தாண்டியும் எனக்குக் கேட்டது. எனக்குப் புல்லரித்தது. திரும்பி வந்ததும் அக்கா சொன்னாள்: “உதடு அசைஞ்சது தெரிஞ்சுது. அவ்வளவுதான்.” அத்தான் என்னைப் பார்த்து, “வண்டி மேல தப்பில்லைப்பா, என் குரல்தான் சன்னம்” என்றார்.

குழாய் ஆறும்வரை காத்திருந்து சைலன்சர்காரர் இரண்டாவதை மாட்டினார். பதினைந்து நிமிஷத்தில் திரும்பினார்கள். ஒரு வரி விடாமல் கேட்டதாம். முடிந்தது என்று நினைத்தேன். அக்கா கீழே குனிந்து சைலன்சரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“ஒரு வருஷம் ஓடினப்புறம் இது எப்படிக் கேக்கும்?”

சைலன்சர்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “இதை யாருமே கேக்க மாட்டாங்க டாக்டர். ரோட்டரி புகை ரொம்பச் சூடு. உள்ள இருக்கற பஞ்சு கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சு வெளிய போயிடும். மாசாமாசம் சத்தம் ஏறும். வருஷக் கடைசியில முதலாவதுக்கு அண்ணன் மாதிரி இருக்கும்.”

“டிரில்லும் அப்படித்தான். புதுசுல எல்லாமே நல்லா பாடும். பேரிங் தேஞ்சப்புறம் கேக்கணும்.”

வாசகரே, எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கு அமைதி, உள்ளே எரிந்து எரிந்து நாளைக்கு முழக்கம்! முடிவு தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. அக்காவின் காதருகே போய்க் கெஞ்சினேன்.

“இதையே எடுத்துக்கோக்கா. ப்ளீஸ்.”

“உன் கதை நல்லா முடியணும்னு நான் பஞ்சு எரியற சைலன்சரை மாட்டிக்கணுமா?”

4

மூன்றாவதில் பஞ்சே கிடையாது. உள்ளே இரும்புத் தகட்டில் அறை அறையாகத் தடுத்திருந்தார்கள். “கனம் ஜாஸ்தி. பாக்கவும் லட்சணமா இருக்காது. ஆனா இன்னைக்கு என்ன சத்தமோ, துரு பிடிக்கற வரைக்கும் அதே சத்தம்” என்றார் சைலன்சர்காரர்.

குழாய் மறுபடி ஆற வேண்டும். நானும் அக்காவும் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

“அப்போ கதவை மட்டும் ஏன்க்கா அப்படிச் சாத்தறே?”

“கிளினிக் பழக்கம்டா. வாய்க்குள்ள டிரில் ஓடறப்போ யாராவது கதவை அறைஞ்சா பேஷன்ட் தூக்கிப் போடுவாங்க. ஒரு தடவை ஒருத்தருக்கு நாக்கு கிழிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து எந்தக் கதவானாலும் கை தானா மெதுவாத்தான் சாத்தும்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“எழுதறதுக்கு முன்னாடி நீ கேட்டிருக்கலாமே.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு நல்ல வரி கிடைத்ததும், அது உண்மையா என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அந்த வரியால் இரண்டு வருஷம் போயிற்று. அத்தானுக்குக் கெட்ட பெயர் வந்தது.

மூன்றாவதை மாட்டிக்கொண்டு போனவர்கள் அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் டயர் காற்றைப் பற்றி வாசிப்பதை எங்கேயோ நிறுத்திவிட்டு வேறு ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார்?

‘அத்தான் மெல்ல அவள் பக்கம் சாய்ந்து’

(இங்கே பென்சில் தாளையே கிழித்திருக்கிறது.)

5

ஆக, என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதல் சைலன்சரோடு முடித்தால், ஜன்னல்கள் அதிர அக்கா போகிறாள், சித்தி மாடியிலிருந்து வாயைப் பிளக்கிறார். கைத்தட்டல் நிச்சயம். ஆனால் அத்தானின் குரல் கேட்காது.

இரண்டாவதோடு முடித்தால் இலக்கியம். அதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் நாக்கில் எச்சில் ஊறுகிறது, எனவே பேசவில்லை.

மூன்றாவது, நடந்தது. அவள் அந்தப் பெட்டியைத்தான் எடுத்தாள். ஒரு பெண் தன் கணவரோடு பேசிக்கொண்டே காரில் வீட்டுக்குப் போனாள். இதில் கதை எங்கே இருக்கிறது என்று எந்தப் பத்திரிகை ஆசிரியரும் கேட்பார்.

6

இன்று காலை பத்து மணிக்கு அக்கா என் அறைக்கு வந்தாள். அத்தான் கீழே வண்டியிலேயே இருந்தார். மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். ‘எச்சில் ஊறுகிறது’ என்ற இடத்தில் மூக்கைச் சுளித்தாள், ஆனால் அடிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி, கதவு பற்றிய பகுதியை இன்னொரு முறை படித்தாள். பென்சிலை மேசைமேல் வைத்தாள். எழுந்தாள். வெளியே போனாள்.

கதவு ‘படார்’ என்று சாத்திக்கொண்டது. அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்கள் விழுந்தன.

என் வாழ்நாளில் அவள் கையால் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. கோபமா? என்னைக் கேலி செய்கிறாளா? ‘உன்னை மன்னிச்சாச்சு, போடா’ என்கிறாளா? ஜன்னல் திறந்திருக்கிறது, வெறும் காற்றாகவும் இருக்கலாம். நான்குக்கும் நான்கு நல்ல வரிகள் இப்போதே தயாராக இருக்கின்றன. எனக்குப் பயமே அந்த வரிகளைப் பார்த்துத்தான்.

கீழே எஞ்சின் உயிர் பெறுகிறது. மூன்றாவது சைலன்சரின் சத்தம். மாட்டிய நாளில் எப்படிக் கேட்டதோ அப்படியேதான் கேட்கிறது. வண்டி இன்னும் கிளம்பவில்லை, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பென்சில் மேசைமேல் இருக்கிறது. நான் கீழே போய் அவளிடமே கேட்கிறேன்.