தெற்கே வைத்த பை

என் கணவர் வேதாந்தத்தோடு ஊர் சுற்றிப் பார்ப்பது என்றால் அவருடைய முதுகைப் பார்ப்பது என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் ஓடுவேன். கும்பகோணம் போனபோது நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் முடித்துவிட்டார். எது எந்தக் கோயில் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கோபுர வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் இந்த முறை திட்டத்தை நானே போட்டேன். ஊர் தஞ்சாவூர். அரண்மனைக்குப் பக்கத்தில் அறை. காலையில் பெரிய கோயில் மதிலோரம் நிழலில் கொஞ்சம் நடை, கால் கேட்ட இடத்தில் உட்காருவது, ஒரு காபி. மத்தியானம் தூக்கம். சாயங்காலம் மேல வீதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்ப்பது. கார் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தெருவுக்கு மேல் கிடையாது.

“ஒரு தெருவுக்கா ஒரு நாள்? மிச்ச நேரம் என்ன பண்றது?” என்றார் வேதாந்தம்.

“என்னோட பேசிண்டு வாங்கோ. பழக்கமில்லேன்னா அங்க போய்ப் பழகிக்கலாம்.”

இதில் ஒரு அவசரமும் இருந்தது. எனக்குப் பார்க்கின்சன். கை நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், காலைத்தான் நம்ப முடியாது. நன்றாக நடந்துகொண்டே இருப்பேன், திடீரென்று பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். மூளை போ போ என்று விரட்டும், கால் காதில் வாங்காது. “ஆசைப்பட்ட ஊருக்கெல்லாம் இந்த வருஷமே போயிட்டு வந்துடுங்கோ” என்றார் டாக்டர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த வியாதியில் ஒரு வேடிக்கை உண்டு. தரையில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் போதும், ஒட்டிக்கொண்ட கால் அதைத் தாண்டிவிடும். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் பழைய காலத்துச் சதுரக் கல் பாவியிருக்கிறது. கோட்டுக்குக் கோடு தாண்டி அடுக்களை வரை ராணி மாதிரி போய் வருவேன். காலையில் தெருவில் இறங்கினால் வாசலுக்கு வாசல் கோலம் இருக்கும். மற்ற இடங்களுக்காக, பெங்களூரில் இருக்கும் என் மகன் குருபிரசாத் ஒரு கைத்தடி வரவழைத்துக் கொடுத்தான். அதை ஊன்றினால் தரையில் பச்சையாக ஒரு கோடு வெளிச்சம் விழும். கோட்டைத் தாண்டுவேன், மறுபடி ஊன்றுவேன். மடக்கினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

கைத்தடி இல்லாத நேரத்துக்கு, பயிற்சி கொடுக்க வரும் ஸஹானா ஒரு வழி சொன்னாள். “மாமா, நீங்க உங்க காலைக் குறுக்கே வெச்சுடுங்கோ. மாமி அதைத் தாண்டிடுவா.”

“நன்னா இருக்கு போ! புருஷன் காலைத் தாண்டறதா?” என்று அவளை விரட்டிவிட்டேன். படுத்திருக்கும் குழந்தையைக்கூடத் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான்.

குருபிரசாத் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சக்கர நாற்காலி, கார், கூட ஒரு ஆள் என்று அவனாக ஒரு திட்டம் வைத்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எனக்குத் தஞ்சாவூர் எதற்கு? வீட்டு டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாமே. கடைசியில் பந்தயம் கட்டினான். கபாலி கோயில் வடக்கு மாட வீதியை யார் கையையும் பிடிக்காமல் நடந்தால் விடுவதாகச் சொன்னான். பூக்கடை, பாத்திரக்கடை, ஸ்கூட்டர், மாடு எல்லாவற்றுக்கும் நடுவில் பச்சைக் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்தே காட்டினேன். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்குப் பிறகு காலெல்லாம் வலி. அதை அவனிடம் சொல்லவில்லை.

ரயிலில் வியாழக்கிழமை காலைக்குத்தான் இடம் கிடைத்தது. அங்கேதான் என் நாத்தனார் ஜெயலக்ஷ்மி போனில் வந்தார்.

“வியாழக்கிழமை தெற்கே சூலம்டீ ஹம்சா. உடம்பு சரியில்லாதவ சூலத்துக்கு எதிர்ல போகலாமோ? புதன்கிழமையே பரஸ்தானம் வெச்சுடுங்கோ.”

எங்கள் குடும்பத்தில் இது வழக்கம்தான். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முந்தின நல்ல நாளிலேயே ஒரு பையை, போகும் திசையில் இருக்கும் தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைத்துவிட்டால் பயணம் தொடங்கியாகிவிட்டது என்று கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். பையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

“சும்மா ஒரு துண்டைப் போட்டு வெச்சா செல்லாது. பயணத்துல அவ கட்டாயம் உபயோகிக்கற வஸ்து இருக்கணும்” என்றும் சேர்த்துக்கொண்டார். அக்கா சொன்ன பிறகு தம்பி வேதாந்தம் சும்மா இருப்பாரா? மஞ்சள், அட்சதை, ஒரு புடவை, அதோடு என் கைத்தடியையும் மடக்கி வைத்தார். “நடக்கத்தானே போறே! இதைவிட முக்கியமான வஸ்து எது?” எனக்கும் அது சரி என்றே பட்டது. ஒரு நாள்தானே, வீட்டுக்குள் கல்கோடு இருக்கிறதே.

எங்களுக்குத் தெற்கே அடுத்த தெருவில் வைதேகி வீடு. தினமும் கோயிலுக்குப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவள். புதன்கிழமை இவர் கொண்டுபோன பையை அவள் மாமனார் கணேசமூர்த்திதான் வாங்கிக்கொண்டாராம். திடமான மனிதர், பார்க்கிலும் பீச்சிலும் நடப்பவர். கூடத்துத் தெற்குச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, “நம்மாத்துலேர்ந்து யாத்திரை கிளம்பறதுன்னா சந்தோஷம்தான். ஹம்சாவை மெதுவா நடக்கச் சொல்லுங்கோ” என்று சொல்லி அனுப்பினாராம்.

வியாழக்கிழமை விடிந்ததும் காதர் ஆட்டோவைக் கொண்டுவந்தான். எங்களுக்கு வழக்கமாக வருபவன். பெட்டிகளை ஏற்றினான். புதுப்புடவையில் நான் உட்கார்ந்தேன். வைதேகி வீட்டுத் தெருவில் திரும்பியதும் வண்டி தானாக மெதுவானது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா சார் இது, சாவு மேரி கீதே” என்றான் காதர்.

வேதாந்தம் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“கணேசமூர்த்தி போயிட்டார். விடியக்காலம்பற எழுந்து பாத்ரூம் போனவர், அங்கேயே விழுந்துட்டாராம்.”

“ஐயோ!” என்றேன். நிஜமாகவே மனசு அடித்துக்கொண்டது. அந்த அடி ஓய்வதற்கு முன்னாலேயே என் வாயிலிருந்து வந்தது: “பை?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அங்கேயேதான் இருக்கு. அவரைக் கூடத்துல கிடத்தியிருக்கா, தெற்கே தலை வெச்சு. தலைக்கு நேர் மேல ஆணியில தொங்கறது. நான் பார்த்தேன். எப்படிடீ கேக்கறது? உங்காத்துல சாவு, நாங்க ஊர் சுத்தப் போறோம், எங்க பையைக் குடுங்கோன்னா கேக்கறது?”

கேட்க முடியாது. கேட்டுத்தான் வாங்கினாலும் அந்தப் பையோடு எப்படிப் பயணம் போவது? துக்க வீட்டு வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் ரயிலுக்குத் திரும்புவதும் முடியாது. நாள் முழுக்க யோசித்தாலும் இதற்கு ஒரு வழி கிடைத்திருக்காது. யார் மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தேன். நாத்தனார் மேலா? செத்துப்போன மனிதர் மேலா?

அந்த நேரம் பார்த்து குருபிரசாத் போனில் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சரிம்மா, வருத்தப்படாதே. அடுத்த மாசம் போலாம். நானே கூட வரேன். நாற்காலி, கார் எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றான். குரலில் அவ்வளவு கனிவு. போனை அவர் கையில் கொடுத்தேன்.

“சார், வண்டி டைம் ஆவுது. இன்னா பண்றீங்கோ?” என்றான் காதர்.

“பெட்டியை ஆத்துல இறக்கி, கீழ்ப்போர்ஷன்ல குடுத்துடுப்பா” என்றேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கி வாசல் வரை வந்துவிட்டேன். கேட்டுக்கு முன்னால் கால் ஒட்டிக்கொண்டது. தினமும் கோயிலுக்குப் போக வைதேகியோடு சேர்ந்துகொள்ள வரும்போது நான் அங்கே நிற்காமல் தாண்டுவேன். வைதேகி போடும் கோலம் அந்த இடத்தில்தான் இருக்கும், படிக்கோலம், குறுக்கே நீளநீளமாகக் கோடு. இன்றைக்குத் துக்க வீட்டில் கோலம் ஏது? வெறும் சிமெண்ட். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கோடு இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு சாவு வீட்டு வாசலில் நட்டுவைத்த கம்பம் போல நின்றேன்.

வேதாந்தம் என் முன்னால் வந்து பக்கவாட்டில் திரும்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை என் பாதத்துக்குக் குறுக்கே வைத்தார்.

“தாண்டு.”

“மாட்டேன்.”

“தாண்டுடீ ஹம்சா. நான் வேற என்ன பண்ணட்டும்? சொல்லு, வேற என்ன தெரியும் எனக்கு?”

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தாண்டினேன். அவர் அடுத்த அடியில் மறுபடி காலை வைத்தார். நான் தாண்டினேன். வைத்தார், தாண்டினேன். முன்னால் ஓடுகிற மனுஷன் எனக்கு ஒரு அடி முன்னால், என்னைப் பார்த்தபடி, அத்தனை மெதுவாக வந்தார். மேல வீதியில் நான் ஆசைப்பட்ட நடை இதுதான்.

கூடத்தில் கணேசமூர்த்தி தூங்குவது போலவே இருந்தார். தலைமாட்டில் விளக்கு. அதற்கு மேலே ஆணியில் என் மஞ்சள் பை. கைத்தடியின் பிடி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் கண் பையை விட்டு இறங்கவில்லை. எட்டி எடுத்துக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கி நடந்துவிட வேண்டும் போல இருந்தது. வெட்கமாக இருந்தது. அடக்க முடியாமல் அழுகை வந்தது.

வைதேகி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “அழாதீங்கோ மாமி. அப்பாவுக்காக இப்படி அழறேளே, சொந்தக்காரா கூட இப்படி அழலை” என்றாள்.

நான் அவள் தோளில் முகத்தை வைத்து இன்னும் அழுதேன்.