தட்டையான உச்சி

அவள் தூங்கிவிட்டாள் என்று யாராவது சொன்னால் அது பொய். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம்தான். ஆனாலும் நன்றாக விழித்திருந்தாள், நன்றாகப் பார்த்தாள். பார்த்துத்தான் தள்ளினாள்.

இரண்டாம் மாடியில் திறக்க முடியாத ஜன்னல்கள் உள்ள அறை. ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே எங்கோ சுற்றும் செயற்கைக்கோளில் காமா கதிர்களைப் பிடிக்கும் கருவி ஒன்று இருந்தது. வானத்தின் எந்த மூலையில் காமா வெடிப்பு நிகழ்ந்தாலும் அவள் மேசைக் கணினி கூவும், கோடு ஒன்று வரையும். அது நிஜமா பொய்யா என்று அவள் உடனே சொல்லியாக வேண்டும். நிஜமென்றால் 'அனுப்பு', உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். பொய்யென்றால் 'தள்ளு'. வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் அவள் பார்த்த வேலை இதுதான்.

கருவியைச் செய்தவன் அவள் கணவன். ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் வீட்டில் நீ, வா, போ. அலுவலகத்தில் மட்டும் சார், மேடம். வருஷக்கணக்கில் அவன் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியிருந்தான். "என் பிள்ளைக்கு ரெண்டு பெண்டாட்டி, மூத்தவ ஆகாசத்துல இருக்கா" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

மூத்தவளுக்கு வயதாகிவிட்டிருந்தது. மின்னழுத்தம் தடுமாறும்போது இல்லாத வெடிப்பைக் காட்டினாள். போன மாதம் அப்படி ஒன்றை நம்பி இவள் 'அனுப்பு' கொடுக்கப்போய், எங்கோ ஒரு பெரிய தொலைநோக்கி தன் வேலையை விட்டுவிட்டு வெறும் வானத்தை முறைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த மின்னஞ்சல் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல் இருந்தது. அலுவலகத் தலைவர் அதை எல்லார் முன்னாலும் படித்தார். யார் எதைச் சொல்ல வந்தாலும் சுருக்கமாகச் சொல்லும்படி அதட்டுவதால் அவருக்கு 'சுருக்கமா' என்றே பெயர். அன்று மட்டும் அவர் சுருக்கவில்லை. "புலி வருதுன்னு இன்னொரு தடவை கத்தினீங்கன்னா, அப்புறம் புலி வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தாலும் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான், மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

ஆகவே அந்த மதியம் கணினி கூவியபோது அவளுக்குச் சந்தேகம்தான் முதலில் வந்தது. கோடு சுவர்போல் எழும்பி, கத்தியால் சீவியதுபோல் தட்டையாக ஓடி, பிறகு சரிந்தது. வெடிப்பு என்றால் உச்சி கூராக, முரடாக இருக்கும். தட்டை உச்சி மின்னழுத்தக் கோளாறின் கைரேகை. 'தள்ளு' என்று அழுத்தினாள். ஒரு தப்பிலிருந்து தப்பித்த நிம்மதிகூட வந்தது.

அன்று மாலையே குட்டு உடைந்தது. வேறொரு நாட்டின் செயற்கைக்கோள் அந்த நேரத்தில் பூமிக்கு மறுபக்கம் இருந்திருக்கிறது. இந்தப் பக்கம் வந்ததும், வெடிப்பு முடிந்து மங்கிக்கொண்டிருந்த ஒளியின் வாலை மட்டும் பிடித்து அறிவித்தது. தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் ஒரு பெரிய நட்சத்திரம் தன் பாரம் தாங்காமல் உள்ளுக்குள் இடிந்திருந்தது. நம் சூரியன் ஆயுள் முழுக்கக் கொடுப்பதை அது சில நொடிகளில் கொட்டித் தீர்த்திருந்தது. கருவி வந்து விழுந்த கதிர்களை எண்ண முடிந்த மட்டும் எண்ணி, எண்ணிக்கை நிரம்பியதும் அங்கேயே நின்றிருந்தது. வெள்ளம் வந்தால் அளவுகோல் மூழ்கத்தான் செய்யும். அவள் அதைப் பார்த்து அளவுகோல் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்தாள். கோடி கோடி வருஷம் நடந்து வந்த வெளிச்சத்தின் முதல் சில மணி நேரம், பார்க்க ஆளில்லாமல் பூமியைக் கடந்து போயிருந்தது.

அந்த வாரமே ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. பழைய கருவியை ஓட்டுவதா அணைப்பதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இப்போது தள்ளியது யார், ஏன் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அன்றிரவு வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கணவன் சொன்னான், கோளாறு கருவியுடையது என்று தானே சொல்லிவிடுவதாக. எப்படியும் ஒருநாள் அணைக்கப்போகிற பெட்டி. ஒப்பந்தம் போனால் இவள் வயதில் இன்னொரு வேலை எங்கே கிடைக்கும் என்றான்.

"பெட்டி சரியாத்தான் பார்த்துது. நான்தான் பார்க்கல" என்றாள் அவள். "ஏறுற கோட்டைப் பெரிசாக்கிப் பாரு. பல்லு பல்லா இருக்கு. கரண்ட் கோளாறு அப்படி ஏறாது."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். குழுவுல யாருக்குத் தெரியும்?"

"உன் பேருல்ல கெடும்."

"கெட்டா கெட்டுட்டுப் போகுது. பேரை வெச்சு வாடகை கட்ட முடியுமா?"

அவள் சண்டை போட்டாள். நடந்ததை அப்படியே சொல்லப்போவதாகச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

கூட்டத்தில் முந்திக்கொண்டு எழுந்தது அவன்தான். மின்னழுத்தம் எப்போது தடுமாறும் என்று தனக்கே தெரியவில்லை, நிஜத்தையும் பொய்யையும் பிரித்துப் பார்க்கும் நிலையைக் கருவி கடந்துவிட்டது என்று நிதானமாகச் சொன்னான். பெற்ற பிள்ளையை ஊரார் முன்னால் உதவாக்கரை என்று சொல்லும் தகப்பனின் குரல். குழுவினர் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "மேடம், சுருக்கமா. நீங்க பார்த்தப்போ கருவி நம்புற மாதிரி இருந்துதா, இல்லையா?"

ஏறுகிற கோட்டின் பற்களைக் காட்ட ஒரு படம் அவள் மடிக்கணினியில் தயாராக இருந்தது. விரல் அதன்மேலேதான் இருந்தது. அவன் இவளைப் பார்க்கவில்லை. மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இல்ல, சார்" என்றாள்.

அது பொய்யில்லை. அவள் நம்பவில்லைதான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அணைப்பது என்று முடிவானது. அணைக்கும் கட்டளைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது விதி: செய்தவர் அனுப்ப வேண்டும், பணியில் இருப்பவர் ஒப்புதல் தர வேண்டும். செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்த ஒரு காலை நேரத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவன் தட்டச்சு செய்தான். 'உறுதியா' என்று அவள் திரை கேட்டது. அவள் அழுத்தினாள்.

வெடிப்பு இல்லாத வேளையிலும் வானத்திலிருந்து எந்நேரமும் கொஞ்சம் கதிர்கள் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். திரையின் அடியில் அந்த எண்ணிக்கை சிறிதாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு சுழியம் ஆயிற்று. அப்படியே நின்றது.

"போலாமா?" என்றாள்.

"நீ போ" என்றான் அவன், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "நான் வரேன்."

அவள் நடைவழியில் போய் நின்றாள். வெகுநேரம் அவன் வரவில்லை.